மில் கேட்டில் ஏறிய மிருணாளினி

சந்தேகமே வேண்டாம் பெரியம்மா, அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஜோசியர் சொல்லி மாற்றியது இல்லை. நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டீர்களே, அப்படி எவனும் நடுவில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘பெரியக்காண்டி (எ) மிருணாளினி’ என்று போட்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டாரான உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கத்தான் செய்யும். செயின் பறித்து மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் செய்தித்தாளில் இப்படி ஒரு ‘(எ)’ போடுவார்கள். நானே அவளிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

இப்படி உட்காருங்கள். இந்த வரிசைக்கு மட்டும்தான் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. மண்டபத்துக்குள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்துவைத்தேன். எதையும் கவனிக்கிறவள் நான், என் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது. வாய்தான் கிடையாது. உங்களோடு இவ்வளவு பேசுகிறேனே, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவளைப் பற்றிய குறை என்றால் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

என் பெயர் வாசுகி. பெண்ணுக்கு நான் என்ன உறவு என்று கேட்டீர்கள். தோழி என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் செய்த வேலையை நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாதஸ்வரக்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் முழுவதையும் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

திருச்சி ரோட்டில் இருக்கிற பெண்கள் கல்லூரியில்தான் சேர்ந்தேன். பி.ஏ. வரலாறு. சேர்ந்த புதிதில் என் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? காலையில் குளிக்கும்போதே ஒரு வாக்கியம் தயார் செய்துவைப்பேன். ‘நேத்து மழையில நனைஞ்சியா?’ இவ்வளவுதான் வாக்கியம். இதைச் சொல்ல வகுப்பில் சுமுகமான முகமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவள் இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, தொண்டையைச் சரிசெய்து வாயைத் திறக்கும்போது வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாக்கியம் வீணாகிவிடும். மறுநாள் வேறொன்று.

மத்தியானம் இன்னும் மோசம். ஆளாளுக்கு வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். எந்த வட்டத்திலும் எனக்கு இடைவெளி இருந்ததில்லை. இருந்தாலும் நான் போய் உட்கார்ந்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். தனியாக நின்றால் பார்க்கிறவர்கள் பாவம் என்று நினைப்பார்களே என்று, யாரோ எனக்காகக் காத்திருப்பது போல வேகமாக நடப்பேன். வரலாற்றுத் துறையிலிருந்து லேப் கட்டடம், அங்கிருந்து சைக்கிள் ஸ்டாண்ட், அங்கிருந்து மறுபடி வரலாற்றுத் துறை. ரொம்ப அவசரமான ஆள் மாதிரி. வாட்ச்மேன் தாத்தா, நான் வழி தெரியாமல் சுற்றுகிறேன் என்று நினைத்து, ஆபீஸுக்கு எப்படிப் போக வேண்டும் என்று தினமும் சொல்லித்தருவார். நானும் தினமும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவேன். அந்தக் கல்லூரியில் என்னோடு தவறாமல் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

இதெல்லாம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார், மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது, “கஷ்டமா இருந்தா தீபாவளி வரைக்கும் பாரு பாப்பா. முடியலைன்னா நின்னுக்க. அஞ்சல்வழியில படிச்சுக்கலாம்” என்றார். பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டிலிருந்தே படிக்கிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே படிக்க வேண்டும். புத்தகத்தை முடிப்பதற்குள் யாராவது பூ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கல்லூரி வேண்டும். கல்லூரியில் எனக்குத்தான் யாரும் இல்லை.

இனிமேல்தான் பஸ் விஷயம் வருகிறது. கவனமாகக் கேளுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது.

எங்கள் பஸ் மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் புறப்படும். நான் புறப்படுகிற இடத்திலேயே ஏறுகிறவள், ஜன்னல் சீட்டே கிடைக்கும். ஆனால் எங்கள் பஸ்ஸில் சீட்டு கிடைப்பது ஒரு பொருட்டே இல்லை பெரியம்மா. யாருக்கு யார் இடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் பொருட்டு. முதலில் ஏறுகிறவள் பக்கத்தில் பையை வைத்துவிடுவாள். பெரியவர்கள் வந்து நின்றாலும், கைக்குழந்தைக்காரி வந்து முறைத்தாலும், “ஆள் வருது” என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் அப்பீல் கிடையாது. அடுத்த ஸ்டாப்பில் அந்த ஆள் ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்தப் பெண் பையை எடுக்கிற தோரணையைப் பார்க்க வேண்டும். கிரீடத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு ஆள் இல்லை. அதனால் என்ன ஆகும் என்றால், ஒருத்தி வருவாள். “கொஞ்சம் அந்த சீட்டுக்கு மாறிக்கிறியா? நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்துக்கிறோம்” என்பாள். மாறுவேன். அங்கே இன்னொரு ஜோடி வரும். மாறுவேன். யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை, எல்லோரும் சிரித்த முகமாகத்தான் கேட்பார்கள். அப்படி ஒவ்வொரு சீட்டாக நகர்ந்து, மணப்பாறையில் ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்தவள், கல்லூரி வரும்போது டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின்மேல் உட்கார்ந்திருப்பேன். சூட்டில் பாவாடை இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடும். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் தாங்கவில்லை. இன்ஜின் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் என் பையை வைத்தேன். ரெஜினா வந்தாள். கடைசி வரிசைக்கெல்லாம் அவள்தான் தலைவி, வயலட் புடவையில் வாசலில் பன்னீர் தெளிக்கிறாளே, அவள்தான். அவள் வழக்கம் போலக் குனிந்து வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“ஆள் வருது.”

அவள் நிமிர்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு மரியாதை வந்தது பாருங்கள். யாரு என்றாள். ஃப்ரெண்டு என்றேன். பேரு என்றாள். மிருணாளினி என்றேன்.

ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் தாலுகாவில் அந்தப் பெயரில் ஒரு ஆடு மாடுகூட இருக்காது. எங்கே ஏறுவாள் என்றாள் ரெஜினா. பாதி வழியில் ஸ்பின்னிங் மில் இருக்கிறது, அதன் வாசல் ஒரு ஸ்டாப். மில் கேட் என்றேன்.

மில் கேட் வந்தது. நான் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு வருத்தத்தோடு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “இன்னைக்கு வரலை போல” என்றேன். ரெஜினா உச்சுக்கொட்டினாள். அன்றைக்கு என்னை யாரும் மாறச் சொல்லவில்லை. இல்லாதவளுக்கு இருந்த மதிப்பைப் பார்த்தீர்களா?

இதை நீங்கள் பொய் என்று நினைக்கக்கூடாது. நான் சொன்னது ஆள் வருது என்று. என்றைக்கு வரும் என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாளும் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வீசிங் என்றேன். கேட்கக் கேட்க மிருணாளினி வளர்ந்தாள். மெலிந்த உடம்பு, மெதுவாகத்தான் பேசுவாள், கஞ்சி போட்ட காட்டன் சுடிதார், பக்கத்தில் வந்தால் லேசாகச் சந்தன வாசனை. இங்கிலீஷ் நாவல்தான் படிப்பாள். அப்பா பேங்க் மேனேஜர். என்னைத் தவிர யாரோடும் பேசமாட்டாள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

என்ன வேடிக்கை என்றால், என்னைப் பற்றி ஒரு வாக்கியம் வராத எனக்கு அவளைப் பற்றிப் பத்தி பத்தியாக வந்தது. ரெஜினா கூட்டம் முன்சீட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்கும். மில் கேட் வந்தால் பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாயும். கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, “மிருணாளினி வருதா, நல்லாப் பாரும்மா” என்று நிறுத்திவைப்பார். ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் ரெஜினா தன் வட்டத்தில் கொஞ்சம் நகர்ந்து, “வா, மிருணாளினிக்கு இப்ப எப்படி இருக்குன்னு சொல்லு” என்றாள். நான் போய் உட்கார்ந்தேன். வட்டத்தில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்களின் முகம் தெரியும் பெரியம்மா. அதுவரை எனக்கு அது தெரியாது.

ஆனால் எனக்குக் கிடைப்பது எதுவும் முழுதாகக் கிடைக்காதே. தீபாவளி நெருங்குகிற சமயம், ரெஜினா ஒரு யோசனை சொன்னாள். இத்தனை நாளாக முடியாமல் கிடக்கிற பெண்ணைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மில் கேட்டில் இறங்கி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நீதான் வீட்டைக் காட்ட வேண்டும்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. மிருணாளினியைக் கொன்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கொன்றால் இன்னும் மோசம், பஸ் மொத்தமும் மாலையோடு வரும், கண்டக்டர் அண்ணன் உட்பட. சென்னைக்கு மாற்றிவிடலாம் என்றால், போன் நம்பர் கேட்பார்கள். எப்படிப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மில் கேட்டில் எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இல்லாத வீட்டைத் தேடப்போகிறேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது? வட்டம் போகும், சீட்டு போகும், இன்ஜின் மூடிகூட மிஞ்சாது.

வியாழக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நின்றுகொள்கிறேன் என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றார். அப்புறம் அன்றைக்கு அவர் மோர் ஊற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போவது என்று கிளம்பினேன். லைப்ரரிப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் கடைசியாக ஒருமுறை பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போக வேண்டும் என்று இருந்தது. வைத்தேன். மில் கேட் வந்தது. பழக்க தோஷம், எட்டிப் பார்த்தேன்.

முன்படியில் ஒருத்தி ஏறினாள். கையில் காலி பால் கேன். தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னல். கூட்டத்தை முழங்கையாலேயே இரண்டாக வகுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். என் பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பால் கேனைக் காலடியில் இடித்துவைத்தாள். உட்கார்ந்தாள்.

“தள்ளி உக்காரு வாசுகி. சீக்குல கெடந்து வந்தவளை நிக்க வச்சே கூட்டிட்டுப் போவியா?”

அது குரல் இல்லை பெரியம்மா. அதைக் கோயில் குழாயில் கட்டியிருக்க வேண்டும். பஸ்ஸே எங்கள் பக்கம் திரும்பியது. ரெஜினா பின்னாலிருந்து எழுந்து வந்து, “நீதான் மிருணாளினியா?” என்றாள்.

“ஆமா. ஏன், பாத்தா தெரியலையா?”

ரெஜினா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். கண்டக்டர் அண்ணன், “மிருணாளினி ஏறியாச்சு, போலாம் ரைட்” என்று விசிலை ஊதினார். அவ்வளவுதான், பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பியது. கல்லூரி வரும்வரை அது நிற்கவே இல்லை. ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். பிழைத்து வந்துவிட்டாளே என்ற சந்தோஷம். அவர்கள் அவ்வளவு நல்ல பெண்கள். சாயங்காலத்துக்கு வாங்கவேண்டிய ஆப்பிளை மத்தியானமே வாங்கி அவள் கையில் கொடுத்தார்கள். அவளும் வெட்கமே இல்லாமல் வாங்கி, தோலோடு கடித்துக்கொண்டு, வீசிங் ஆட்டுக்கால் சூப்பில் சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னாள். நான் அவளுக்கு வைத்திருந்த வைத்தியம் ஹோமியோபதி.

சாயங்காலம் கல்லூரி கேட்டருகே அவளைத் தனியாகப் பிடித்தேன். நீ யாரு என்றேன். பெரியக்காண்டி, மேத்ஸ் என்றாள். வீட்டில் மாடு இருக்கிறது. விடிந்ததும் மில் கேன்டீனுக்குப் பால் ஊற்றிவிட்டு, காலி கேனோடு அதே பஸ்ஸில்தான் ஜூன் மாதத்திலிருந்து வருகிறாளாம். முன்படிக்குப் பக்கத்துக் கம்பியில், நின்றுகொண்டே. என் சீட்டுக்கு இரண்டு சீட்டு முன்னால்.

எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“ஒரு சீட்டு சும்மா வருது. எனக்குக் கால் வலிக்குது. வேற எதுக்கு?” என்றாள். பிறகு கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நீ தெனமும் மில் கேட்டுல என் மூஞ்சியைத் தாண்டித்தான் அவளைத் தேடுவ. எனக்கே பாவமாப் போச்சு” என்றாள்.

பார்த்தீர்களா, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். சீட்டுக்காக வந்தவள். இதை நான் மறக்கவில்லை. மூன்று வருடமும் மனதில் வைத்துக்கொண்டுதான் பழகினேன்.

அன்றைக்கு இரவு அப்பாவிடம் இப்போதைக்கு நிற்கவில்லை என்றேன். ஏன் என்றார். நாளைக்கு எனக்காக ஒருத்தி மில் கேட்டில் ஏறுவாள், நான் இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மானம் போய்விடும் என்றேன். அப்பா இரண்டு கரண்டி மோர் ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? மிருணாளினியை நான் எப்படி வளர்த்திருந்தேன். இவள் வந்து ஒரே மாதத்தில் நாசம் செய்துவிட்டாள். இங்கிலீஷ் நாவல் படிக்கிறவள் என்று சொல்லியிருந்தேனே, அந்த மரியாதைக்காவது கையில் ஒன்றை வைத்துக்கொள் என்று கொடுத்தேன். பால் கேனுக்கு மூடியாக வைத்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து “ஏ வாசுகீ” என்று கூப்பிடுவாள். காக்காயெல்லாம் பறக்கும். தன் வகுப்பில் பெரியக்காண்டியாக இருந்துவிட்டு, எங்கள் வட்டத்துக்கு வந்தால் மிருணாளினி. எப்படி முடிகிறது என்று கேட்டால், “எங்க சாமி பேரு ஒண்ணு, நீ வச்ச பேரு ஒண்ணு. ரெண்டும் இருந்துட்டுப் போகுது” என்பாள்.

எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று சொல்கிறேன். வட்டத்தில் எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஏதோ சொல்லலாம் என்று லேசாக மூச்சை இழுத்திருப்பேன், அவ்வளவுதான். உடனே இவள் தொடையில் தட்டி, “இருங்கடி, வாசுகி ஏதோ சொல்ல வர்றா” என்பாள். எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். இதைவிடக் கொடுமை உண்டா? வந்த வாக்கியமும் பயந்து திரும்பிப் போய்விடும். அது திரும்பி வரும்வரை ஒருத்தியையும் பேச விடமாட்டாள். சாம்பார் ஆறும். அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நான் எதையாவது சொல்லித்தான் தீர வேண்டும். முதலில் ஒரு வாக்கியம் சொன்னேன். அப்புறம் இரண்டு. கடைசி வருடம் துறை விழாவில் மைக் பிடித்து வரவேற்புரையே சொல்ல வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்காமல் பெயர் கொடுத்தவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவள் துறைகூட இல்லை அது. முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பின்னால் திரும்பி எல்லோரையும் முறைத்தாள்.

நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? மற்ற பெண்களுக்குத் தெரியாதா என்றா? தெரியவே தெரியாது பெரியம்மா. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அதெப்படி, தினமும் அதே பஸ்ஸில் வந்தவளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் யாரைக் கவனிக்கப் போகிறார்கள்? எதையும் கவனிக்கிற நானே பார்க்கவில்லை என்றால், சதா பேசிக்கொண்டே வருகிற ரெஜினாவா பார்த்திருப்பாள்? வாசலில் அவர்கள் வைத்திருக்கிற ஃபிளெக்ஸைப் பாருங்கள். ‘எங்கள் மிருணாளினிக்கு மணநாள் வாழ்த்துகள்’ என்று போட்டு, கீழே கண்டக்டர் அண்ணன் படம் வரைக்கும் போட்டிருக்கிறார்கள். உண்மை தெரிந்திருந்தால் அப்படிப் போடுவார்களா? நான் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, பாவம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார்கள். அவள் ஊரைவிட்டுப் போகிறாளே என்ற துக்கமாக இருக்கும்.

ஆமாம், போகிறாள். நாளைக்குச் சாயங்காலம் உங்கள் வேனில் துறையூருக்கு. எனக்கென்ன, நிம்மதி. நான் இப்போது பி.எட். சேர்ந்திருக்கிறேன். அது வேறு ஊர், வேறு பஸ். இனி யாரும் தொடையில் தட்டி ஊரை நிறுத்தப்போவதில்லை. போன வாரம் அங்கே முதல் நாள். வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்ல நினைத்து மூச்சை இழுத்தேன். யாரும் நிறுத்தவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் நானே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண் திரும்பி, “என்னது?” என்றாள். மறுபடி சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது இதை உடனே அவளிடம் சொல்லித் திட்ட வேண்டும்போல இருந்தது. போன் பண்ணினால் மேடம் மருதாணி வைத்துக்கொண்டிருக்கிறாளாம், எடுக்க முடியவில்லையாம்.

மூன்று நாளாக இங்கேயே கிடந்து வேலை பார்க்கிறாயே, இவ்வளவு கோபம் இருக்கிறவள் எதற்கு வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். தாம்பூலப் பை போட ஆள் இல்லை, அதனால்தான். அவளாகக் கூப்பிடக்கூட இல்லை. “வந்துரு” என்றாள். அழைக்கிற லட்சணமா அது?

இருங்கள், இது யாருடைய தட்டு?

என் மடியில் எப்படி வந்தது? கேசரி இருந்த மாதிரி இருக்கிறது. இட்லியும் இருந்திருக்கிறது. நானா சாப்பிட்டேன்? பெரியம்மா, இது நடக்கக்கூடிய காரியமே இல்லை. தெரியாதவர்கள் முன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. முந்தாநாளிலிருந்து இந்த மண்டபத்தில் பந்தியில் உட்காரச் சொல்லி எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள், பசி இல்லை பசி இல்லை என்றே தப்பித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எப்போது வைத்தீர்கள்?

என்ன, அவள் சொன்னாளா?

அலங்கார அறையிலிருந்து உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாளா? ஃபேனுக்குக் கீழே ஒருத்தி ஓரமாக உட்கார்ந்திருப்பாள், சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள், வற்புறுத்தினால் எழுந்து ஓடிவிடுவாள் என்றா? பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகையில் இருக்கிற பெயரைப் பற்றிச் சந்தேகப்படுகிற மாதிரி கேளுங்கள், என்னைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவாள், நடுவில் நிறுத்தமாட்டாள், தட்டை மட்டும் மடியில் வைத்துவிடுங்கள், அவளுக்கே தெரியாமல் சாப்பிட்டு முடித்துவிடுவாள் என்றா?

அப்படியானால் உங்களுக்குச் சந்தேகமே இல்லையா?

பார்த்தீர்களா பெரியம்மா. பார்த்தீர்களா. தலையில் பூவும் கழுத்தில் மாலையுமாக, நாளைக்குத் தாலி ஏறப்போகிற பெண், அங்கே உட்கார்ந்துகொண்டு என் குறையைக்கூட அவள்தான் ஏற்பாடு செய்கிறாள். இப்படித்தான் மூன்று வருடமும். மத்தியானம் உட்கார்ந்ததும், “இன்னைக்கு என் மேல என்ன கோவம்?” என்று ஆரம்பித்துவைப்பாள். பேசி முடித்துப் பார்த்தால் என் டப்பாவும் காலி, அவள் டப்பாவும் காலி. நான்தான் ஆறு கிலோ கூடினேன். அப்போதெல்லாம் ஏன் என்று யோசிக்கவே இல்லை.

இல்லை, கண்ணில் ஒன்றுமில்லை. சட்னி காரம்.

உங்கள் ஊருக்கு மணப்பாறையிலிருந்து நேர் பஸ் உண்டா? திருச்சி போய் மாற வேண்டுமா? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிக்கடி இருக்குமா? வீடு இறங்குகிற இடத்துக்குப் பக்கம்தானா? சும்மா, தெரிந்துவைத்துக்கொள்ளத்தான். அவளிடம் சொல்லாமல் விட்ட குறை இன்னும் நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் சரியாக வராது. நேரில் போய் உட்கார்ந்து சொன்னால்தான் கோபம் ஒழுங்காக வரும்.

நாதஸ்வரக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் எழுந்து போய் அவளை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

பெரியம்மா, அந்த வடை இன்னும் ஒன்று கிடைக்குமா?